நாலு பல்லும் முப்பது லிட்டரும்

ஒரு சிரிப்பின் விலை முப்பத்திரண்டாயிரம் என்று பல் டாக்டரம்மா சொன்னாள். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே என்கிற தோரணை அந்தக் குரலில் இருந்தது. பிரைமரம்மாவுக்கு அந்தத் தோரணை அத்துப்படி. கடையில் தினம் நாற்பது பேரிடம் அவளே அதைக் காட்டுகிறவள்.

"பல்லுக்கு எட்டாயிரம். முன்னாடி நாலு பல்லு. காம்போசிட் வெனீர்."

"நாலா எடுத்தா?"

"நாலா எடுத்தாலும் எட்டாயிரம்தான்."

"டஜன் விலை கிடையாதா?"

"உங்க வாயில டஜன் பல்லுக்கு வேலை இருந்தா சொல்லுங்க, பாக்கலாம்."

சுருக்கென்று இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தவள், வழக்கம்போல் வலது கையால் அதை மூடிக்கொண்டாள். சிறுவயதில் குடித்த ஃபுளோரைடு கலந்த தண்ணீர் அவள் முன்பற்கள் நாலிலும் காவித் திட்டுகளை விட்டுப் போயிருந்தது. அதில் ஒன்றுக்கு மூலையும் கிடையாது. பார்சல் டேப்பைக் கத்தரிக்கோல் தேடாமல் பல்லால் கடித்துக் கிழித்த வியாபார அவசரத்தில் போனது. அதனால் அவள் சிரிப்பதில்லை. சிரிக்காத முகத்தைப் பார்த்து, இவளிடம் விலை குறையாது என்று கடைக்கு வந்தவர்கள் தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அந்த வகையில் பற்கள் இத்தனை வருடம் சம்பளமில்லாமல் கடைக்கு உழைத்திருந்தன.

பிரைமரம்மா என்பது அவள் பெயரல்ல. பெயிண்ட் அடிப்பதற்கு முன் சுவரில் பூசுகிற, பளபளப்பே வராத வெள்ளைப் பூச்சுக்குத்தான் பிரைமர் என்று பெயர். அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் அவளுடைய கணவனாக ஒன்பது வருடம் இருந்தவன். விவாகரத்தில் அவன் சரக்கில் பாதியைத் தூக்கிக்கொண்டு போய், நேர் எதிரே ஒரு கடையைப் பிடித்து, அவனும் பெயிண்ட் விற்க ஆரம்பித்தான். அவனுக்கு எப்போதும் பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. தெரு அவனைப் பளபளா என்றது. விவாகரத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம், அவனை 'நீங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் 'நீ' என்று சொல்லலாம் என்பது. அந்த லாபத்தை அவள் நாள்தோறும் செலவழித்தாள். கடையில் பங்காளியும் கணக்கருமான அவள் தங்கை, முன்பு மாமா என்று கூப்பிட்டவனை இப்போது 'எதிர்க்கடை' என்றே சொன்னாள்.

இதுவரை சிரிக்காமலேயே ஓடிய வண்டி நின்றது மெஷினால்தான். பெயிண்ட் கம்பெனி புதிதாக நிறம் கலக்கும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. வாடிக்கையாளர் கேட்கிற நிறத்தை ஐந்து நிமிடத்தில் கண்முன்னே கலந்து கொடுக்கும். தெருவுக்கு ஒரு மெஷின்தான் என்றது கம்பெனி. மெஷின் எந்தக் கடைக்குப் போகிறதோ அங்கே கூட்டமும் போகும். மற்ற கடை, உப்புத்தாளும் பிரஷ்ஷும் விற்றுக்கொண்டு ஈ ஓட்ட வேண்டியதுதான். ஏரியா மேனேஜர் வந்தார். அவள் கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். "வர்றவங்களை முகம் மலர்ந்து வரவேற்கிற கடையைத்தான் கம்பெனி எதிர்பாக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். முடிவை இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை வந்து சொல்வதாகக் கேள்வி.

"அவர் என்ன மெஷினைப் பல்லுக்கா குடுக்கப் போறாரு?" என்றாள் தங்கை.

"குடுத்தாலும் குடுப்பாரு" என்றாள் பிரைமரம்மா. மறுநாளே பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பீங்கான்ல பண்றதும் உண்டு" என்று டாக்டரம்மா விளக்கினாள். "அது பல்லுக்கு இருபதாயிரம். பல்லைக் கொஞ்சம் சீவணும். லேப்ல செஞ்சு வரும், ரெண்டு மூணு தடவை வரணும். ஆனா பத்துப் பதினஞ்சு வருஷம் உழைக்கும். காம்போசிட் ஒரு மாதிரி பிசின் பசை. பல்லு மேலேயே வெச்சு, வடிவம் கொண்டுவந்து, நீல லைட் காட்டி இறுக வெச்சு, பாலிஷ் போட்டு அன்னிக்கே அனுப்பிடுவேன். பல்லை அனேகமாச் சீவ வேண்டாம். அஞ்சாறு வருஷம் வரும். காபி, டீ ஜாஸ்தியானா மங்கும். ஓரம் உடைஞ்சா அங்க மட்டும் ஒட்டிக்கலாம்."

"அப்ப அது சுவரைக் கொத்தி டைல்ஸ் பதிக்கற வேலை. இது மேல்பூச்சு. டச்சப் பண்ணிக்கலாம்."

"கிட்டத்தட்ட."

"மேல்பூச்சுக்கா எட்டாயிரம்? எங்க கடையில எட்டாயிரத்துக்கு ஒரு ஹாலையே பூசலாம்."

"உங்க ஹால் சாப்பிடாது, பேசாது, நாள் பூரா எச்சில்ல ஊறாது."

பிரைமரம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து நடப்பவரை மூன்றாவது அடியில் கூப்பிட வேண்டும் என்பது வியாபார மரியாதை. மூன்று அடி நடந்தாள். ஐந்தாவது அடியில் கதவே வந்துவிட்டது. கூப்பிடக் காணோம். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடாதவர்களிடம் என்ன செய்வது என்று பிரைமரம்மாவுக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். ஓதம் ஏறி, பூச்சு பக்குப்பக்காக எழும்பி நின்றது.

"ஏன் டாக்டர், பல்லைச் சுத்தமா வெச்சுக்கங்கன்னு வர்றவங்களுக்குச் சொல்வீங்க இல்ல? இந்தச் சுவரைப் பாத்துட்டு அவங்க ஒண்ணும் திருப்பிச் சொல்றதில்லையா?"

டாக்டரம்மாவின் முகம் முதல் தடவையாக ஒரு நூல் அசைந்தது. அந்த ஒரு நூல் போதும். அரை மணி நேரத்தில் முப்பத்திரண்டு இருபத்துநாலாக இறங்கியது. இருபத்துநாலாயிரத்தையும் பணமாகத் தர வேண்டியதில்லை. லிட்டர் எண்ணூறு வீதம், கழுவினால் போகாத உயர்ரகப் பெயிண்ட் முப்பது லிட்டர். கைக்குக் கை. அவளும் பில் போட வேண்டாம், இவளும் பில் போட வேண்டாம். இருவரும் எழுந்து நின்றபோது, ஒருத்தியை ஒருத்தி ஏமாற்றிவிட்டதாக இரண்டு பேருமே நினைத்தார்கள். நல்ல வியாபாரத்துக்கு அதுதான் அடையாளம்.

தங்கையிடம் பிரைமரம்மா இதைச் சொல்லவில்லை. சொன்னால் முப்பது லிட்டரில் பதினைந்து என்னுது என்பாள்.

முதலில் சுவர் வேலை நடந்தது. டாக்டரம்மா வெளிர்பச்சையில் ஒன்றைக் காட்டினாள். பிரைமரம்மாவின் ஆள் சுவரில் முழம் அளவுக்கு அடித்துக் காட்டினான். "நல்லா இருக்கு, இதையே அடிங்க" என்றாள் டாக்டரம்மா.

"ஈரத்துல நிறம் பாக்காதீங்க" என்று பிரைமரம்மா அதட்டினாள். "காயட்டும். நாளைக்கு இது ஒரு படி இருட்டும். அப்புறம், ஏமாத்திட்டேன்னு என் கடை வாசல்ல வந்து நிப்பீங்க."

டாக்டரம்மா காத்திருந்தாள். மறுநாள் பார்த்தால், சொன்னபடி சுவர் பாசி பிடித்த தொட்டியாக இருந்தது. ஒரு படி வெளுப்பாக வேறு நிறம் எடுத்து அடித்தார்கள். அறை கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்தது. டாக்டரம்மா நன்றி சொல்லவில்லை என்பதைப் பிரைமரம்மா குறித்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை அவள் முறை. டாக்டரம்மா அவளை உட்கார வைத்ததும், வேறெதையும் தொடாமல், சாவிக்கொத்து மாதிரி கோத்த பொய்ப்பல் துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறம்.

"என்ன அவசரம்?" என்றாள் பிரைமரம்மா.

"மொதல்ல நிறம் எடுக்கணும். பல்லு ஈரமா இருக்கும்போதே எடுத்தாத்தான் சரியா வரும்."

பிரைமரம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஈரத்துலயா?"

"ஆமா. காய்ஞ்சா பல்லு வெளுத்துத் தெரியும். வாயை மூடினா கொஞ்ச நேரத்துல பழைய நிறத்துக்கு வந்துடும்."

"டாக்டரம்மா, இருபது வருஷமா நிறம் விக்கறேன். உங்க சுவரையே ஈரத்துல பாத்திருந்தா இப்ப என்ன கதி? காய்ஞ்ச நிறம்தான் நிஜ நிறம். காய வைங்க."

"சுவர் வேற, பல்லு வேற."

"நிறம் ஒண்ணுதான்."

"நான் பத்து வருஷமா இதைப் பண்றேன்."

"நான் அதைவிடப் பத்து வருஷம் கூட."

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து, 'நிறம்: நோயாளியின் சொந்தத் தேர்வு, மருத்துவரின் ஆலோசனைக்கு மாறாக' என்று எழுதி நீட்டினாள். பிரைமரம்மா அட்டகாசமாகக் கையெழுத்துப் போட்டாள். கன்னங்களை இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வாயில் மாட்டி, பஞ்சு வைத்து, காற்று ஊதி, பல் நன்றாகக் காய்ந்த பிறகு டாக்டரம்மா துண்டுகளைப் பக்கத்தில் வைத்து வைத்துக் கண்ணாடியில் காட்டினாள். கடைவாய்வரை விரிந்த வாயோடு பிரைமரம்மா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியில் சுண்ணாம்பு வெளுப்புக்கு இரண்டு படி கீழே ஒரு துண்டைச் சுட்டினாள். பக்கத்துப் பற்களோடு கச்சிதமாகப் பொருந்தியது. காய்ந்த பற்களோடு.

பசை வைத்து, கம்பியால் நீவி, நீல வெளிச்சம் காட்டி, தேய்த்து, பாலிஷ் போட்டு இரண்டரை மணி நேரம் ஆனது. கண்ணாடியைக் கொடுத்தபோது பிரைமரம்மா வேறொருத்தியைப் பார்த்தாள். காவித் திட்டு போயே போய்விட்டது. உடைந்த மூலை திரும்பி வந்திருந்தது. நாலு பல்லும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தன. வாயை மூடாமல் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் கொசு இருந்திருந்தால் அன்றைக்கு அவள் வயிறு நிறைந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சிரி, பாக்கலாம்."

சிரித்தாள்.

"அக்கா, நாலு பல்லுக்கு மட்டும் டியூப்லைட் போட்ட மாதிரி இருக்கு."

"புதுசு இல்ல, அப்படித்தான் இருக்கும்."

"புதுசு வேற, வெள்ளை வேற. பக்கத்துல இருக்கறதெல்லாம் மோர் நிறம், இது நாலும் காகித நிறம். நம்ம கடையில ஒருத்தன் இப்படி டச்சப் பண்ணிட்டு வந்தா நீ அவனை என்ன பண்ணுவே?"

பிரைமரம்மா கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய கண்ணாடியில் பார்த்தாள். இரவெல்லாம் எச்சிலில் ஊறி, அவளுடைய சொந்தப் பற்கள் தங்கள் பழைய நிறத்துக்குச் சாவகாசமாகத் திரும்பியிருந்தன. பூசிய நாலும் பூசின இடத்திலேயே நின்றன. நிறத்தில் அவள் கண் பொய் சொல்லாது. அன்றைக்கு ஒரு தடவை பொய் சொல்லக் கூடாதா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா பளபளா தெருவைக் கடந்து வர வேண்டும்? கடை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தான்.

"என்னம்மா, நாலு ஜன்னலை மட்டும் அடிச்சிட்டு வீட்டை அப்படியே விட்டுட்டே? ஆள் ஓடிட்டானா, சரக்கு தீந்துடுச்சா?"

"உன் கடையில வாங்கின பெயிண்ட். அதான் ஒரே நாள்ல நிறம் மாறிடுச்சு."

"நிறம் மேட்ச் பண்ணத் தெரியாதவளுக்கு நிறம் கலக்கற மெஷின் எதுக்குன்னு நாளைக்கு மேனேஜர் கிட்ட நானே கேக்கறேன்" என்று சொல்லி, அவன் தன் முப்பத்திரண்டு பல்லையும் ஒரே நிறத்தில் காட்டிவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு அவள் டாக்டரம்மாவின் அறையில் நின்றாள்.

"இதை மாத்திக் குடுங்க."

"எதை?"

"கண்ணு இருக்கில்ல? நிறம் ஒட்டலை."

டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். அட்டகாசமான கையெழுத்து மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"நீங்க படிச்சவங்க. நான் சொன்னாலும் நீங்க கேட்டிருக்கக் கூடாது" என்றாள் பிரைமரம்மா.

"என் சுவர்ல நீங்க காயட்டும்னு சொன்னீங்க, நான் வாயை மூடிட்டுக் கேட்டேன். உங்க வாயில நான் ஈரத்துல பாக்கணும்னு சொன்னேன், நீங்க வாயை மூடவே இல்லை. ஒரு தடவை, தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. சும்மாவே மாத்தித் தர்றேன்."

பிரைமரம்மா இதுவரை மூன்று தடவை வக்கீல் முன்னால் நின்றிருக்கிறாள். ஒரு தடவைகூட அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை.

"உங்க பசையில கோளாறு" என்றாள்.

"அப்ப பல்லுக்கு எட்டாயிரம். மறுபடி நாலு. பணமா."

"கொள்ளை!"

"வாசல் அந்தப் பக்கம். வழி உங்களுக்குத்தான் தெரியுமே, உங்க பெயிண்ட்தான் அங்க வரைக்கும் இருக்கு."

மத்தியானம் இரண்டு மணிக்கு ஏரியா மேனேஜரிடமிருந்து இரண்டு கடைக்கும் ஒரே செய்தி வந்தது. மெஷின் விஷயத்தில் தலைமை அலுவலகமே முடிவு எடுக்கிறதாம். கடந்த மூன்று மாதத்தில் எந்தக் கடை அதிக லிட்டர் பில் போட்டிருக்கிறதோ அந்தக் கடைக்கு. இன்று மாலை ஆறு மணியோடு கணக்கு முடிகிறது. கம்பெனியின் ஆப்பில் பில் போட வேண்டும். வாங்கியவர் போனுக்கு நாலு இலக்க எண் ஒன்று போகும். அந்த எண்ணை அவர் சொன்னால்தான் பில் ஏறும்.

பிரைமரம்மா செய்தியை இரண்டு தடவை படித்தாள். "அப்ப முகம் மலர்ந்து வரவேற்கிறது?"

"அது மேனேஜர் தானா சொன்ன வசனம்க்கா" என்றாள் தங்கை, ஆப்பைத் திறந்தபடி. இரண்டு கடைக் கணக்கும் அதில் தெரிந்தது. எதிர்க்கடை 4,209. இவர்கள் 4,171.

முப்பத்தெட்டு லிட்டர் குறைவு. தங்கை போனை எடுத்தாள். தெரிந்த பெயிண்டர், மேஸ்திரி, வீடு கட்டுகிறவர் எல்லாரையும் கூப்பிட்டாள். பாதிப் பேர், "இப்பத்தான் எதிர்க்கடையிலேருந்து கூப்பிட்டாரு, நம்பர் சொல்லிட்டேனே" என்றார்கள். நாலரை மணிக்குள் பதினைந்து லிட்டர் சேர்ந்தது. எதிர்க்கடை அசையவில்லை. வளைக்க வேண்டியவர்களை அவன் ஏற்கெனவே வளைத்து முடித்திருந்தான்.

"இன்னும் இருபத்துநாலு லிட்டர் போட்டா ஒரு லிட்டர்ல தாண்டிடலாம்" என்று தங்கை கிடங்குப் பக்கம் போனாள். எந்த டப்பாவை யார் தலையில் கட்டலாம் என்று எண்ணிக்கொண்டே போனவள், எண்ணி முடித்துத் திரும்பி வந்து நின்ற விதம் சரியில்லை.

"உயர்ரகத்துல முப்பது லிட்டர் குறையுது."

பிரைமரம்மா பிரஷ் அடுக்கைச் சரிசெய்தாள்.

"பில் இல்லை. கல்லாவுல பணமும் இல்லை. அக்கா, முப்பது லிட்டர் எங்க?"

"பல்லுக்குக் குடுத்தேன்."

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பாதி என்னுது. எனக்குத் தெரியாம எடுத்து, பில் போடாம குடுத்து, எதிர்க்கடைக்காரன் ஜெயிக்கறதுக்கு வழியும் பண்ணிட்டு, அந்த நாலு பல்லும் நிறம் ஒட்டலை. ஒன்பது வருஷம் அவன்கூட குடும்பம் நடத்தினியே, அவனே உன்னை இவ்வளவு நஷ்டப்படுத்தலை."

"டாக்டரம்மா பேர்ல இப்ப பில் போட்டா?"

"அவங்க நம்பர் சொல்லணும். காலையில என்ன பேசிட்டு வந்தே?"

பிரைமரம்மா செருப்பை மாட்டினாள்.

டாக்டரம்மா ஒருவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து இருபது. அந்த ஆள் வாயில் வளையத்தோடு, பேச முடியாமல், கண்களை மட்டும் உருட்டிக்கொண்டு கிடந்தார்.

"என்ன, சுவரும் நிறம் ஒட்டலையா?" என்றாள் டாக்டரம்மா நிமிராமல்.

பிரைமரம்மா குரலை எண்ணெய் போட்டு இறக்கினாள். "ஒண்ணுமில்லை டாக்டர். அந்த முப்பது லிட்டருக்கு ஒரு பில் போட்டுக் குடுத்துடலாம்னு. உங்களுக்கும் கணக்குக்கு ஆகும். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், சொன்னாப் போதும். அவசரமே இல்லை."

அவசரத்தை மறைப்பது அவள் பாலோடு குடித்த பாடம். இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் நம்பரை வாங்கிக்கொண்டு வெளியே வந்திருப்பாள். ஆனால் பையில் இருந்த போன் அடித்தது. எடுக்கையில் விரல் எங்கேயோ பட்டு, தங்கையின் குரல் அறை முழுக்க விழுந்தது.

"அக்கா, அந்த டாக்டர் கால்ல விழுந்தாவது நம்பரை வாங்கு! எதிர்க்கடை இன்னொரு நாலு லிட்டர் ஏத்திட்டான்! ஆறு மணிக்கு மூடிடும்!"

நாற்காலியில் கிடந்தவரின் கண்கள் பிரைமரம்மாவிடமிருந்து டாக்டரம்மாவுக்குப் போயின. டாக்டரம்மா கருவியை வைத்துவிட்டு, கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"ஆறு மணிக்கு என்ன மூடும்?"

மறைத்துப் பயனில்லை. சரக்கு எவ்வளவு வேண்டும், எத்தனை மணிக்குள் வேண்டும் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது வியாபாரம் இல்லை, அறுவை சிகிச்சை. பிரைமரம்மா மெஷின் கதையை மூன்று வாக்கியத்தில் சொன்னாள்.

"சரி" என்றாள் டாக்டரம்மா. "இருபத்துநாலுக்குப் பேசினது ரெண்டு பக்கமும் பில் இல்லைங்கறதுக்காக. என் பேர்ல நீங்க பில் போட்டா, உங்க பேர்ல நானும் போட்டாகணும். பில்லுன்னா முழு விலை. முப்பத்திரண்டு."

"அது..."

"பேசுங்க. எனக்கு நேரம் இருக்கு. இவருக்கும் மரத்துப்போயிருக்கு, வலிக்காது."

சுவரில் கடிகாரம் ஐந்து முப்பத்தொன்று காட்டியது. அந்தச் சுவர், அவள் தேர்ந்தெடுத்த நிறத்தில், வெகு இதமாக இருந்தது.

"முப்பத்திரண்டு" என்றாள் பிரைமரம்மா.

"அந்த நாலு பல்லோட உங்களை வெளிய நடமாட விட்டா எனக்குத்தான் கெட்ட பேரு. யாரு பண்ணாங்கன்னு கேப்பாங்க. நாளைக்குக் காலையில வாங்க, மாத்தறேன். பாதி விலை. பதினாறு."

"காலையில சும்மாவே மாத்தித் தர்றேன்னு சொன்னீங்களே!"

"காலையில அதுக்கு ஒரு வாக்கியம் விலை சொன்னேன். வாங்கலை. இப்ப விலை ஏறிடுச்சு. உங்க கடையில சரக்கு விலை ஏறாதா?"

பிரைமரம்மாவின் நாக்கு நுனியில் பன்னிரண்டு என்று நின்றது. பத்து என்று ஆரம்பித்துப் பன்னிரண்டில் முடிக்கலாம். கால் மணி நேரம் ஆகும். போன் மறுபடி அதிர்ந்தது.

"பதினாறு" என்றாள். வாழ்க்கையில் சொன்ன விலைக்கு அவள் வாங்கிய முதல் சரக்கு அது. தொண்டையில் மீன்முள் மாதிரி இறங்கியது.

நாற்காலியில் கிடந்தவர் "ஆஆ" என்றார். வலியா, பாராட்டா, தெரியவில்லை.

பிரைமரம்மா பில் போட்டாள். டாக்டரம்மா போனைக் கையில் எடுத்து, கண்ணாடி தேடி, மாட்டி, துடைத்து, மறுபடி மாட்டி, ஒவ்வொரு இலக்கமாக, குழந்தைக்கு எண் சொல்லிக்கொடுப்பது போல் சொன்னாள். ஐந்து நாற்பத்தாறுக்கு முப்பது லிட்டர் ஏறியது.

ஆறு மணிக்கு ஆப் மூடிக்கொண்டது. எதிர்க்கடை 4,213. இவர்கள் 4,216.

ஆறு ஐந்துக்குப் பளபளா தெருவைக் கடந்து வந்தான். சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் கழற்ற மறந்த சட்டை மாதிரி இருந்தது.

"மூணு லிட்டர். அதுவும் கடைசி நேரத்துல. ஏதோ திருட்டுப் பில்."

"போன் பண்ணிக் கேட்டுக்கோ. முப்பது லிட்டரும் சுவர்ல இருக்கு. சுவரைத் தூக்கிட்டு வரவா?"

"மெஷின் வந்தா மட்டும்? உன் மூஞ்சியப் பாத்து யாரு வரப்போறா?"

பிரைமரம்மா கையை வாயருகே கொண்டுபோகவில்லை. நாலும் காகித வெள்ளை, மீதி மோர் நிறம், எல்லாம் தெரிய, அவன் முகத்துக்கு நேரே சிரித்தாள்.

"உன் கடைக்கு வர்றவங்கதான். டப்பாவை உன்கிட்ட வாங்கட்டும், நிறம் கலக்க இங்க அனுப்பு. பழகின தோஷத்துக்குக் குறைச்சுப் போட்டுத் தர்றேன்."

பின்னால் தங்கை சிரித்தாள். ஆனால் அவள் அக்காவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளிடம் பேசவும் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் கொடுக்காமல் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை பிரைமரம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டரம்மா பல் துண்டுக் கொத்தோடு வந்தாள்.

"வாயை மூடி, எச்சிலை முழுங்கிட்டுத் திறங்க. எதைப் போடலாம்? உங்க தேர்வு."

பிரைமரம்மா கூரையைப் பார்த்தாள். "நீங்களே பாருங்க."

"கேக்கலை."

"நீங்களே பாருங்கன்னேன்."

டாக்டரம்மா மூன்றே துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டாள். பிறகுதான் வளையத்தை மாட்டினாள். பழைய பூச்சைத் தேய்த்து எடுத்துப் புதிதாக வைக்க மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருத்தியால் முடியவில்லை, ஒருத்திக்குத் தேவைப்படவில்லை.

பல் அன்றைக்கும் பொருந்தியது, மறுநாளும் பொருந்தியது. திங்கட்கிழமை மெஷின் வந்து இறங்கியது. மெஷினை எங்கே வைப்பது என்பதை மட்டும் அக்காவிடம் கேட்டுவிட்டு, தங்கை கணக்குப் புத்தகத்தில் புதிதாக ஒரு பக்கம் பிரித்தாள். நிறுத்தி நிதானமாக, மை ஊறும்படி எழுதினாள்:

முன்பல் நான்கு, முழு விலை: 32,000.
அதே முன்பல் நான்கு, மறுபடி: 16,000.
கழிவு, பெயிண்ட் முப்பது லிட்டர்: 24,000.
பல் டாக்டருக்குத் தர வேண்டிய பாக்கி: 24,000.
முப்பது லிட்டரில் பாதி தங்கையுடையது, தங்கைக்குத் தர வேண்டிய பாக்கி: 12,000.
ஆக மொத்தம் பாக்கி: 36,000. அக்காவின் தனிக் கணக்கு. கடைக்குச் சம்பந்தமில்லை.